குற்றவாளிக் கூண்டில் அரசியல் – 7: 25 அடிகளும் ஒரு குண்டும்

மாஸ்கோவில் நெச்சாயெவின் கும்பல் தன் சொந்தத் தோழனான மாணவன் இவானோவைக் கொன்று, உடலைக் குளத்தில் தள்ளிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் கொலையைப் பற்றி முடிவுக்கு வர ரஷ்யாவில் யாரும் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. புரட்சியை விரும்பியவர்களே முகம் சுளித்தார்கள். இந்த வாரம் வரும் வழக்கு அப்படிப்பட்டதல்ல. அதே நெச்சாயெவுக்குத் தெரிந்தவர் என்ற காரணத்தாலேயே இளமையைச் சிறையில் தொலைத்த ஒரு பெண், ஒன்பது ஆண்டுகள் கழித்து, பட்டப்பகலில், பத்துப் பேர் பார்க்க, தலைநகரத்தின் ஆளுநரைச் சுட்டார். சுட்டதை மறுக்கவில்லை. தப்பி ஓடவும் இல்லை. ஜூரி அவரைக் குற்றவாளி இல்லை என்று விடுவித்தது. இது எப்படி நடந்தது, நடந்தது சரிதானா என்று ஐரோப்பா முழுவதும் பேசியது.

கதை துப்பாக்கியில் தொடங்கவில்லை, ஒரு தொப்பியில் தொடங்குகிறது.

1877 ஜூலை 13. (இங்கே வரும் ரஷ்யத் தேதிகள் அன்றைய பழைய நாட்காட்டிப்படியானவை, நம் கணக்குக்கு 12 நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.) பீட்டர்ஸ்பர்க் விசாரணைச் சிறையைப் பார்வையிட நகர ஆளுநர் ஃபியோதர் திரெப்போவ் வந்தார். முற்றத்தில் சில அரசியல் கைதிகள் சேர்ந்து நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பொகொல்யூபோவ். முந்தைய டிசம்பரில் கசான் பேராலயத்தின் முன்னால் நடந்த ஆர்ப்பாட்டத்துக்காக 15 ஆண்டு கடுங்காவல் விதிக்கப்பட்ட இளைஞர். முதல்முறை எதிர்ப்பட்டபோது தொப்பியைக் கழற்றி வணங்கினார். விசாரணைக் கைதிகளோடு ஏன் உலாவுகிறாய் என்று திரெப்போவ் எரிந்து விழுந்துவிட்டுப் போனார். ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடியும் எதிரே வந்தார். ஒருமுறை வணங்கியாயிற்றே என்று பொகொல்யூபோவ் இம்முறை தொப்பியைத் தொடவில்லை. திரெப்போவ் கையை வீசினார். தொப்பி கீழே விழுந்தது.

ஜன்னல் கம்பிகளைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த கைதிகள் கூச்சலிட்டார்கள். பொகொல்யூபோவை மிலாறால் அடிக்க உத்தரவு போட்டுவிட்டு, திரெப்போவ் நீதி அமைச்சர் பாலென் பிரபுவிடம் ஒப்புதலும் வாங்கினார். பெண் கைதிகளின் ஜன்னல்களுக்குத் தெரியும்படியான இடத்தில் மிலாறுக் கட்டுகளைத் தயார் செய்தார்கள். 25 அடிகள். சிறையே கொந்தளித்தது. காவலர்கள் அறை அறையாகப் புகுந்து கைதிகளை அடித்தார்கள்.

1863 ஏப்ரலில்தான் ரஷ்யப் பேரரசு இந்த உடல் தண்டனையைப் பெரும்பாலும் ஒழித்திருந்தது. பண்ணையடிமை முறை ஒழிந்தது 1861. ஜூரியோடு கூடிய புதிய நீதிமன்றச் சட்டம் வந்தது 1864. இனி நம் முதுகில் அடி விழாது என்று ஒரு தலைமுறை நம்பத் தொடங்கியிருந்த நேரம் அது. நாடுகடத்தப்பட்ட கடுங்காவல் கைதிகளுக்கு மட்டும் விதிவிலக்கு இருந்தது. ஆனால் பொகொல்யூபோவின் தண்டனை இன்னும் நிறைவேறத் தொடங்கவே இல்லை. ஆகவே இந்த அடி சட்டவிரோதம் என்று நீதித்துறையில் இருந்த அனத்தோலி கோனி என்ற இளம் அதிகாரி அமைச்சரின் முகத்துக்கு நேராகவே சொன்னார். அமைச்சர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திரெப்போவ் மீது வழக்கு இல்லை, விசாரணை இல்லை, கண்டனம்கூட இல்லை. செய்தித்தாளில் சில வரிகள் வந்தன. அதோடு சரி.

துப்பாக்கி வெடிக்கும்வரை நீடித்த இந்த ஆறு மாத மௌனத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அரசியல் வன்முறையைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் துப்பாக்கி வெடித்த நொடியிலிருந்து பேச ஆரம்பிக்கிறோம். அதற்கு முன்னால் ஒரு குற்றம் நடந்து, அதை விசாரிக்க எந்தக் கதவும் திறக்காத காலம் கணக்கிலேயே வருவதில்லை.

வேரா ஸசூலிச் அந்தச் செய்தியைப் படித்தபோது பீட்டர்ஸ்பர்க்கில் இல்லை. பொகொல்யூபோவை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. 1849இல் ஸ்மோலென்ஸ்க் பகுதியில், பெயரளவில் பிரபுக்களாகவும் கையில் காசில்லாதவர்களாகவும் இருந்த குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட, உறவினர் வீட்டில் வளர்ந்தார். எழுத்தர் வேலை, புத்தகம் தைக்கும் பட்டறை, தொழிலாளர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தல் என்று போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் நெச்சாயெவ் குறுக்கிட்டார். வெளிநாட்டிலிருந்து அவர் அனுப்பிய கடிதத்தால் 1869இல் வேரா கைதானார். குற்றச்சாட்டே இல்லாமல் இரண்டு ஆண்டுகள் சிறை. பிறகு விடுதலை, சில நாட்களில் மறுபடி கைது, ஒரு மாகாணச் சிற்றூருக்கு நாடுகடத்தல். அவரை அனுப்பியபோது உடம்பில் ஒரு மெல்லிய மேலங்கி, கையில் ஒரு ரூபிள், ஒரு பிரெஞ்சுப் புத்தகம், ஒரு சாக்லெட் பெட்டி. இந்தப் பட்டியலைப் பின்னால் அவருடைய வழக்கறிஞர் நீதிமன்றத்தில் வாசித்துக் காட்டினார். அந்த அறையில் இருந்தவர்களால் அதை மறக்க முடிந்திருக்காது.

மூடிய அறையும் காவலரின் காலடிச் சத்தமும் அவருக்குக் கேள்வி ஞானமல்ல. அடிபட்ட சிறைக்கைதி தன் அறைக்குத் திரும்பும்போது எப்படி இருந்திருப்பான் என்று அவர் ஊகிக்க வேண்டியதில்லை. யாராவது ஏதாவது செய்வார்கள் என்று காத்திருந்ததாகவும், யாரும் எதுவும் செய்யாததால் தானே புறப்பட்டதாகவும் அவர் சொன்னார்.

அப்போது தலைநகரத்தில் 193 இளைஞர்கள் மீதான பெரிய அரசியல் வழக்கு நடந்துகொண்டிருந்தது. இப்போது சுட்டால் அவர்களுக்குத் தண்டனை கூடிவிடும் என்று வேராவும் அவருடைய தோழி மரியா கொலென்கினாவும் பொறுத்திருந்தார்கள். 1878 ஜனவரி 23இல் அந்த வழக்கு முடிந்தது. மறுநாள் காலையில் வேரா, ஆளுநரிடம் மனுக் கொடுக்க வந்தவர்களின் வரிசையில் நின்றார். கொலென்கினா ஓர் அரசு வழக்கறிஞரைச் சுடப் போய், உள்ளே விடாததால் திரும்பினார்.

வேராவின் மனு ஆசிரியர் வேலைக்கான நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டு எழுதப்பட்டது. பெயர் கோஸ்லோவா என்று இருந்தது. திரெப்போவ் மனுவில் பென்சிலால் ஏதோ குறித்துவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பினார். மேலங்கிக்குள்ளிருந்து கைத்துப்பாக்கி வெளியே வந்தது. முதல்முறை விசையை அழுத்தியபோது வெடிக்கவில்லை. இரண்டாவது முறை வெடித்தது. குண்டு இடுப்பில் பாய்ந்தது. வேரா துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு நின்றார். அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தார், அடித்தார்கள். துப்பாக்கியில் குண்டுகள் மீதி இருந்தன.

அவர் மறுபடி சுடாததை நான் முக்கியமானதாக நினைக்கிறேன். திரெப்போவ் செத்தாலும் காயத்தோடு பிழைத்தாலும் தனக்கு ஒன்றுதான் என்று பிறகு நீதிமன்றத்தில் அவரே சொன்னார். மனிதன் மீது கை ஓங்குவது எவ்வளவு கொடூரம் என்று தனக்குத் தெரியும் என்றார். ஆனால் ஒரு மனிதனை இவ்வளவு இழிவுபடுத்திவிட்டு யாரும் தண்டனை இல்லாமல் இருந்துவிட முடியாது என்று காட்ட வேறு வழி தெரியவில்லை என்றார். சட்டம் இதைத் திட்டமிட்ட கொலை முயற்சி என்றது. சட்டம் சொன்னதில் தவறில்லை. இடுப்பில் பாயும் குண்டு எங்கே போய் நிற்கும் என்று சுடுகிறவருக்குத் தெரியாது.

காயம்பட்ட திரெப்போவை அன்றே ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் நேரில் வந்து பார்த்தார். நகரத்தில் பெரிய அனுதாபம் எழவில்லை. கண்டிப்பும் ஊழலும் சேர்ந்த மனிதர் என்ற பேச்சு அவரைப் பற்றி ஏற்கெனவே இருந்தது.

இங்கேதான் அரசு ஒரு முடிவெடுத்தது. அரசியல் வழக்குகளுக்கென்று செனட்டில் தனி நீதிமன்றம் இருந்தது. அங்கே கொண்டுபோயிருந்தால் தண்டனை நிச்சயம். ஆனால் அமைச்சர் பாலென் இதைச் சாதாரணக் குற்ற வழக்காக நடத்தி, பொதுமக்களிலிருந்து எடுத்த ஜூரியின் வாயாலேயே தண்டனை வாங்க விரும்பினார். ஒரு பெண் ஓர் அதிகாரியைச் சுட்டாள். இதில் அரசியல் இல்லை. மக்களே கண்டிக்கிறார்கள் பாருங்கள் என்று உலகுக்குக் காட்ட வேண்டும். குற்றப்பத்திரிகையிலிருந்து அரசியலை உருவி எடுத்துவிட்டார்கள்.

வழக்கை நடத்த வேண்டிய பீட்டர்ஸ்பர்க் மாவட்ட நீதிமன்றத்தின் தலைவராக அப்போதுதான் பொறுப்பேற்றிருந்தவர், அடி சட்டவிரோதம் என்று அமைச்சரிடம் சொன்ன அதே கோனி. வயது 34. தண்டனை கிடைக்கும் என்று உத்தரவாதம் தரச் சொன்னார் பாலென். நீதிபதி அப்படி உத்தரவாதம் தர முடியாது என்றார் கோனி. அப்படியானால், விடுதலை ஆகிவிடும் போலத் தெரிந்தால், மேல்முறையீட்டில் தீர்ப்பை உடைக்க வசதியாக விசாரணையில் வேண்டுமென்றே ஒரு சட்டப் பிழை செய்துவிடும்படி கேட்டார் நீதி அமைச்சர். கோனி அதற்கும் மறுத்தார். தன் நினைவுக்குறிப்பில் இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். வன்முறையின் ஒழுக்கத்தைப் பற்றி மேடை மேடையாகப் பேசிய அரசின் நீதி அமைச்சர், நீதியைப் பற்றி வைத்திருந்த கருத்து இது.

இரண்டு அரசு வழக்கறிஞர்கள் இந்த வழக்கில் வாதாட மறுத்து ஒதுங்கினார்கள். மூன்றாவதாகக் கெஸ்ஸெல் என்பவர் தலையில் அது விழுந்தது. ஜூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஆட்சேபிக்கும் உரிமையை அவர் பயன்படுத்தவே இல்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பியோத்தர் அலெக்சாந்த்ரோவ் அதை முழுக்கப் பயன்படுத்தி வணிகர்களை நீக்கினார். போலீஸ் தயவில் கடை நடத்துகிறவர்கள் போலீஸுக்கும் தலைவரான நகர ஆளுநருக்கு எதிராகப் போகத் தயங்குவார்கள் என்பது அவர் கணக்கு. மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் நடுத்தர அரசு ஊழியர்கள். மேலதிகாரி கையை ஓங்கினால் எப்படி இருக்கும் என்று தினமும் அறிந்தவர்கள்.

1878 மார்ச் 31. நீதிமன்றத்தில் இடமில்லை. பேரரசின் வெளியுறவுத் தலைவர் கோர்ச்சகோவ் வந்திருந்தார். உயர் அதிகாரிகள், பிரபுக் குடும்பப் பெண்கள், பத்திரிகையாளர்கள். அவர்களிடையே எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி. திரெப்போவ் வரவில்லை, மருத்துவச் சான்றிதழ் வந்தது. எதிர்த்தரப்பு சாட்சிகளாகச் சில அரசியல் கைதிகள் வந்து, ஜூலை 13 அன்று முற்றத்தில் என்ன நடந்தது என்று சொன்னார்கள். அன்றிலிருந்து முதல்முறையாக அந்தச் சம்பவம் ஒரு நீதிமன்றத்தில் வாய் திறந்து பேசப்பட்டது.

கெஸ்ஸெல் சொன்னதன் சாரம் நியாயமானது: திரெப்போவ் செய்தது சரியா தவறா என்று நான் சொல்லப்போவதில்லை, தனி மனிதர் ஒருவர் தானே நீதிபதியாகவும் தண்டனை நிறைவேற்றுகிறவராகவும் ஆகிவிட முடியாது. இதை இன்றைக்கும் யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த வாதம் அன்று எடுபடவில்லை. அதைச் சொன்ன அரசுதான் திரெப்போவை நீதிபதி முன் நிறுத்த மறுத்த அரசு என்பதை அறையில் இருந்த எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

அலெக்சாந்த்ரோவ் முன்பு அரசுத் தரப்பில் இருந்தவர். குரலை உயர்த்தாமல் பேசத் தெரிந்தவர். வேராவின் இளமையைச் சொன்னார். மிலாறின் வரலாற்றைச் சொன்னார். தன்னைக் கெடுத்தவனைக் கொன்ற பெண்கள் இதே கூண்டில் நின்றிருக்கிறார்கள். சொந்த வஞ்சம் எதுவும் இல்லாமல் முகமறியாத ஒருவனுக்காக வந்து நின்ற பெண் இவள்தான் என்றார். இங்கிருந்து இவள் தண்டிக்கப்பட்டு வெளியேறலாம், ஆனால் அவமானப்பட்டு வெளியேற மாட்டாள் என்ற கருத்தோடு முடித்தார்.

கோனியின் தொகுப்புரை சமநிலையானது. செயல் நடந்தது என்று ஒப்புக்கொண்டாலும், குற்றவாளி ஆனால் கருணைக்கு உரியவர் என்று சொல்ல ஜூரிக்கு உரிமை உண்டு என்பதை விளக்கினார். அந்த வழியைத் திறந்து காட்டினார் என்றே சொல்லலாம். ஜூரி அதையும் தாண்டிப் போனது. அறைக்குள் போய்ச் சிறிது நேரத்திலேயே திரும்பி வந்தது. தலைவர் எழுந்து முதல் கேள்விக்கான விடையைப் படித்தார்: குற்றவாளி அல்ல. மண்டபம் வெடித்தது. கைதட்டல், அழுகை, சிலுவைக் குறி. மேல் வரிசையில் உட்கார்ந்திருந்த அதிகாரிகளிலும் பலர் கைதட்டினார்கள்.

ஜூரி உள்ளே இருந்த நேரத்தில் தஸ்தயேவ்ஸ்கி, பக்கத்தில் இருந்த பத்திரிகையாளர் கிரதோவ்ஸ்கியிடம் பேசியதை அவர் பின்னால் பதிவு செய்திருக்கிறார். இந்தப் பெண்ணைத் தண்டிக்கக் கூடாது, தண்டனை தேவையற்றது; ஆனால் போ, மறுபடி இப்படிச் செய்யாதே என்று சொல்ல ஒரு வழி இருக்க வேண்டும்; நம் சட்டத்தில் அப்படி ஒரு வாசகம் இல்லையே; இனி இவளை வீராங்கனை ஆக்கிவிடுவார்கள் என்று வருந்தினாராம் அவர். மரண தண்டனை மேடைவரை போய்வந்தவர், பத்தாண்டு சைபீரியாவில் கழித்தவர், நெச்சாயெவ் கொலையை வைத்தே ஒரு பெரிய நாவல் எழுதியவர் சொன்ன சொல் இது. இந்த வழக்கைப் பற்றி எழுதப்பட்ட எவ்வளவோ பக்கங்களைவிட இந்த ஒரு கவலை எனக்குப் பெரிதாகப் படுகிறது. மன்னிப்பும் கண்டனமும் ஒரே மூச்சில் சொல்லப்பட வேண்டிய செயல் ஒன்று இருக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார். குற்றவாளியா என்ற கேள்விக்கு நீதிமன்றத்திடம் இருந்தது ஆம், இல்லை என்ற இரண்டு சொற்கள்தான்.

நான் அந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்தால் கோனி காட்டிய வழியில் போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்: குற்றம் உண்டு, கருணையும் உண்டு. ஒரு மனிதனைச் சுட்டது குற்றமே இல்லை என்று எழுதிவைத்தால், அந்தத் தாளை நாளைக்கு யார் கையில் எடுப்பார்கள் என்று தெரியாது. ஆனாலும் அந்த 12 பேரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அவர்கள் முன் இரண்டு குற்றங்கள் இருந்தன. ஒன்றைத்தான் விசாரிக்க அனுமதி. இன்னொன்றுக்கு அவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால் முதலாவதன் மீதுதான் சொல்ல முடியும். வேரா மீதான அந்த 'இல்லை', திரெப்போவ் மீதான 'ஆம்'.

விடுதலையான வேராவைத் தெருவில் கூட்டம் தூக்கிக்கொண்டது. போலீஸ் அவருடைய வண்டியை மறித்தது. மோதலில் துப்பாக்கி வெடித்து, சிதராட்ஸ்கி என்ற இளைஞர் இறந்தார். தானே சுட்டுக்கொண்டாரா, போலீஸ் சுட்டதா என்பது அன்றே சர்ச்சை. வேராவை மறுபடி கைது செய்ய ஜாரின் உத்தரவு வந்தது. அதற்குள் அவர் மறைந்து, சில வாரங்களில் ஸ்விட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார். மே மாதம் செனட் தீர்ப்பை ரத்து செய்து, வழக்கை நோவ்கொரோத் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. விசாரிக்க ஆள் இல்லை.

பத்திரிகைகளில் போர் மூண்டது. 'கோலஸ்' நாளிதழில் கிரதோவ்ஸ்கி, கூண்டில் நின்றது அந்தப் பெண் அல்ல, நாமும் நம் சமூகமும்தான் என்று தோன்றியதாக எழுதினார். மாஸ்கோவில் பழமைவாத ஆசிரியர் காட்கோவின் பத்திரிகை, ஜூரி முறையே நாட்டுக்குக் கேடு என்று பொரிந்தது. இந்தச் சண்டையில் இரு தரப்பும் ஒரு மனிதரை மறந்துபோனது. பொகொல்யூபோவ் என்ன ஆனார் என்று கேட்டவர்கள் குறைவு. அவருக்குச் சிறையிலேயே புத்தி பேதலித்தது. மனநோய் மருத்துவமனையில் இறந்தார். அவர் பெயரால் ஒரு குண்டு பாய்ந்தது, ஒரு பேரரசு விவாதித்தது. அவருக்கு நீதி என்று எதுவும் எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை.

அரசு கற்ற பாடம், திரெப்போவ்களை அடக்க வேண்டும் என்பதல்ல. பாலென் பதவி இழந்தார். கோனியை ராஜினாமா செய்ய நெருக்கினார்கள். அவர் அசையவில்லை, பல ஆண்டுகள் ஓரங்கட்டப்பட்டார். மே 9இல் புதுச் சட்டம் வந்தது: அதிகாரிகள் மீதான வன்முறை வழக்குகள் இனி ஜூரியிடம் போகாது. ஆகஸ்டில் அவற்றில் பல ராணுவ நீதிமன்றங்களுக்குப் போயின. ராணுவ நீதிமன்றத்தின் கையில் இருந்தது தூக்குக் கயிறு.

மறுபக்கத்தில் இருந்த இளைஞர்களும் தப்பான பாடத்தையே கற்றார்கள். கருணை காட்டிய கைதட்டலை அவர்கள் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் 2இல் ஒதெஸ்ஸாவில் கொவால்ஸ்கி என்ற புரட்சியாளர் மரண தண்டனையாகச் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பழியாக, இரண்டு நாளில் பீட்டர்ஸ்பர்க் தெருவில் காவல்படைத் தலைவர் மெசென்த்சேவைக் கிராவ்சின்ஸ்கி என்ற இன்னொரு புரட்சியாளர் குத்திக் கொன்றார். குத்திவிட்டு, காத்திருந்த வண்டியில் ஏறிப் பறந்தார். வேரா துப்பாக்கியைப் போட்டுவிட்டு நின்றதற்கும் இதற்கும் நடுவில் ஏழு மாதம்கூட ஆகவில்லை. தன் செயலுக்குத் தானே பதில் சொல்ல நிற்பது என்ற அந்த ஒரு நிபந்தனை அதற்குள் கழன்றுவிட்டது. 1880 பிப்ரவரியில் குளிர்கால அரண்மனையில் வைத்த வெடிகுண்டு ஜாரைத் தொடவில்லை. காவலுக்கு நின்ற 11 சிப்பாய்களைக் கொன்றது. சீருடை அணிந்த குடியானவப் பிள்ளைகள். அவர்களில் எவரும் எவர் தொப்பியையும் தட்டிவிட்டவர்கள் அல்ல. 1881 மார்ச் 1இல் ஜார் கொல்லப்பட்டபோது, வழியில் நின்ற ஒரு சிறுவனும் செத்தான்.

வேரா இந்தப் பாதையில் போகவில்லை. பயங்கரவாதத்தை ஏற்காத அணியில் சேர்ந்தார். 1881இல் கிராமச் சமுதாய நிலவுடைமையைப் பற்றி மார்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். அந்தச் சிறு கேள்விக்கு மார்க்ஸ் பல வரைவுகள் எழுதி அடித்துத்தான் ஒரு சின்னப் பதில் அனுப்பினார். 1883இல் ஜெனீவாவில் பிளெகானவுடன் முதல் ரஷ்ய மார்க்சியக் குழுவைத் தொடங்கினார். பிறகு லெனினோடு 'இஸ்க்ரா' பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் இருந்தார். 1901இல் கல்வி அமைச்சரை ஒரு மாணவர் சுட்டபோது இளைஞர்கள் மறுபடி துப்பாக்கியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அதற்கு எதிராக 'இஸ்க்ரா'வில் எழுதியவர்களில் வேராவும் ஒருவர். தனி ஆள் சுடுவது மக்களை எழுப்பாது, வேடிக்கை பார்க்க வைக்கும் என்பது அவருடைய கவலை. யாருடைய பெயரைச் சொல்லி இளைஞர்கள் துப்பாக்கி தூக்கினார்களோ அவரே வேண்டாம் என்றார், கேட்டவர்கள் கொஞ்சம். 1919இல் அவர் பெத்ரோகிராதில் இறந்தபோது, பழைய ஆசிரியர் குழுத் தோழர் லெனினின் ஆட்சியையும் ஏற்காதவராகத்தான் இருந்தார்.

1881இல் ஜாரைக் கொன்ற வழக்கில் ஐந்து பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் சோபியா பெரோவ்ஸ்கயா. அதற்குச் சில நாள் முன்பு, மார்ச் 28இல், பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு பொதுச் சொற்பொழிவின் நடுவே, 28 வயதுத் தத்துவ ஆசிரியர் விளாதிமிர் சொலோவ்யோவ் புதிய ஜாரிடம் அவர்களைக் கொல்ல வேண்டாம் என்று கேட்டார். அதே வேண்டுகோளோடு டால்ஸ்டாய் எழுதிய கடிதத்தை ஜாரின் ஆலோசகர் கொண்டுபோய்க் கொடுக்க மறுத்தார். கொலையை வெறுத்துக்கொண்டே கொலையாளிகளுக்காகப் பேசிய இந்த இருவரைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)